டாக்டரின் ஞாயிற்றுக்கிழமைகள்

கிளினிக் கவுண்டரில் உட்காரப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வரிசை எண் கொடுப்பது எப்படி, மருந்துப் பையில் பெயர் ஒட்டுவது எப்படி என்பதையெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. அதைக் கம்ப்யூட்டரே சொல்லித்தரும், என்னைவிடப் பொறுமையாகவும் சொல்லித்தரும். என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்த கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். முழுக்க நரைத்த பிறகு அதே நாற்காலியிலிருந்து எழுந்து வந்தேன். இப்போது பொங்கோலில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் நடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மகளோடு சின்னச் சின்னச் சண்டை என்று பொழுது போகிறது.

இவ்வளவு வருஷ வேலையில் உங்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அது ஓய்வைப் பற்றியது. நான் கிறிஸ்தவள், என் டாக்டரும் கிறிஸ்தவர், இருவரும் ஒரே சபை. அதனால் பேச்சில் வேதமும் கொஞ்சம் வரும். மற்றப் பிள்ளைகள் எழுந்து போய்விட வேண்டாம். களைப்பு மதம் பார்த்து வருவதில்லை.

டாக்டர் சிலோன் தமிழர். தாத்தா காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம், காத்தோங்கில் வீடு. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் வாயைத் திறந்தால் யாழ்ப்பாணம் வந்துவிடும். என்னைக் கடைசிவரை ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டார். எனக்குப் பேரன் பிறந்த பிறகும் அவருக்கு நான் பிள்ளைதான். அவருடைய மனைவியைச் சபையில் எல்லாரும் ஆன்ட்டி என்போம். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். ஞாயிறு பள்ளியில் சிறு பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொடுத்தார். வாயில் கொஞ்சம் காரம் உண்டு. ஆனால் யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகச் சாப்பாட்டோடு வந்து நிற்பவர் அவர்தான்.

ஆரம்பத்தில் எங்கள் கிளினிக்கில் ஞாயிறு என்றால் ஷட்டர் இறங்கியே இருக்கும். லிட்டில் இந்தியாவில் அது எப்பேர்ப்பட்ட பைத்தியக்காரத்தனம் என்று அங்கே கடை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வந்து டார்மிட்டரிகளில் தங்கியிருக்கும் தம்பிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் நாள் அதுதான். காய்கறி வாங்குவது, ஊருக்குப் பணம் அனுப்புவது, முடி வெட்டிக்கொள்வது எல்லாம் அன்றைக்குத்தான். பக்கத்து மளிகைக்கடைக்காரர் டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் கேலி செய்வார். சீதேவி வாசலுக்கு வரும் நாளாகப் பார்த்து இவர் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் பாடப் போகிறாராம். டாக்டர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். காலையில் ஆராதனை, அது முடிந்து ஆன்ட்டியோடு வாழையிலைச் சாப்பாடு, வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம், வெயில் தாழ்ந்ததும் இருவரும் கடற்கரையில் நடை. திங்கட்கிழமை காலையில் அவர் கிளினிக்குக்குள் நுழையும்போது முகம் குளித்த பிள்ளையின் முகம்போல இருக்கும். முதல் நோயாளியிடம் ஊரில் மாடு கன்று போட்டதுவரை விசாரிப்பார்.

இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாறியது. ஆராதனை முடிந்து சாப்பாட்டுக் கடையை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். அன்று அவர்களோடு நானும் போயிருந்தேன். கிளினிக் ஷட்டரில் சாய்ந்து ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்கால்வரை வீங்கித் தோல் பளபளவென்று சிவந்திருந்தது. கட்டட வேலையில் ஆணி குத்தியிருக்கிறது. டாக்டரிடம் எம்.சி. வாங்கி லீவு எடுத்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று பயந்து, விடுமுறை நாள் வரட்டும் என்று நொண்டிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார். ஞாயிறு வந்து, எங்களிடம் வந்து பார்த்தால் கதவு பூட்டிக் கிடக்கிறது. டாக்டர் அங்கேயே ஷட்டரைத் தூக்கினார். ஊசி போட்டார். தானே டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இன்னும் தாமதித்திருந்தால் காலையே எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று அங்கே சொன்னார்களாம்.

அந்த ஞாயிறு அவர் செய்தது சரி. இன்றைக்கும் நான் அதைச் சரி என்றே சொல்வேன். நீங்களும் அந்த இடத்தில் இருந்தால் ஷட்டரைத் தூக்குங்கள், வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம். நான் சொல்ல வருவது அடுத்த ஞாயிற்றைப் பற்றி.

அடுத்த ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு ஒரு மணிநேரம் மட்டும் திறந்து வைக்கலாம் என்றார். சில மாதங்களில் அது மத்தியானம் முழுவதும் ஆயிற்று. பிறகு ஆராதனையில் பிரசங்கம் ஆரம்பிக்கும்போது மெல்ல எழுந்து போக ஆரம்பித்தார். பிறகு ஆராதனைக்கே வருவதை விட்டுவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம்வரை கிளினிக்கில்தான் இருப்பார். கவுண்டரில் நான் ஒரு ஞாயிறு, இன்னொரு பெண் மறு ஞாயிறு என்று மாற்றி மாற்றி வந்தோம். எங்களுக்கு மாற்று ஆள் இருந்தது. அவருக்கு இல்லை.

சபை தடுத்திருக்க வேண்டும். சபை என்ன செய்தது தெரியுமா? போதகர் பிரசங்க பீடத்திலிருந்தே அவரைப் புகழ்ந்தார். நம் நடுவில் ஒரு நல்ல சமாரியன் இருக்கிறார், இந்த நேரத்திலும் காயம் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னதும் எல்லாரும் கைதட்டினோம். பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு ஆன்ட்டியும் தட்டினார். வேதக் கதையில் அந்தச் சமாரியன்கூட, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டி, அவனைச் சத்திரத்துக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே பயணம் போனான் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. நம் சபைகளில் இது ஒரு பழக்கம். களைத்துப்போனவனைப் பார்த்தால் பாய் போட்டுப் படுக்கவைக்க மாட்டோம், மேடையேற்றிச் சாட்சி சொல்லக் கூப்பிடுவோம்.

ஆன்ட்டி சும்மா இருக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நாளைக்காவது சபைக்கு வாருங்கள் என்றார். ஓய்வுநாளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உதாரணத்தை டாக்டர் எடுத்துவிட்டார்.

“ஆடு குழியில விழுந்தா, ஓய்வுநாள் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறதே?”

ஆன்ட்டி தூக்கின் மூடியைத் திறந்துகொண்டே பதில் சொன்னார்.

“விழுந்த ஆட்டைத் தூக்கத்தான் வேணும். ஆனா ஒவ்வொரு ஞாயிறும் அதே குழியில ஆடு விழுந்தா, குழியை மூட வேணும். நீங்கள் குழிக்குப் பக்கத்தில கதிரை போட்டு இருக்கிறியள்.”

நான் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். டாக்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடச் சொன்னார்.

குழியை மூட வழி இல்லாமலும் இல்லை. செங்காங்கில் கிளினிக் வைத்திருந்த ஓர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண், அவரே தேடி வந்தார். தானும் தன் சிநேகிதர் ஒருவரும் முறை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்துக்கொள்வதாகவும், அங்கிள் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் போதும் என்றும் சொன்னார். டாக்டர் அந்தப் பெண்ணுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, பார்ப்போம் பார்ப்போம் என்று அனுப்பிவைத்தார். அந்தப் பெண் போன பிறகு, இந்தப் பையன்கள் புது ஆட்களிடம் வாய் திறக்க மாட்டார்கள் என்று என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது அது பெரிய தியாகமாகப் பட்டது. இப்போது யோசித்தால் அதற்குள் வேறொன்றும் இருந்திருக்கிறது. தான் இல்லாவிட்டால் நடக்காது என்ற எண்ணம் நல்லவர்களுக்குத்தான் அதிகமாக வருகிறது. கெட்டவனுக்கு அந்தக் கவலை கிடையாது, அவன் நன்றாகத் தூங்குவான். ஆண்டவர் ஏழாம் நாள் ஓய்ந்திருக்கச் சொன்னது இந்த எண்ணத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது நம் தோளிலிருந்து இறக்கிவைக்கத்தான் என்று நான் நம்புகிறேன். டாக்டர் அதை இறக்கிவைக்கவே இல்லை.

அவர் வேலையில் பிசகு வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. அதுதான் பெரிய ஏமாற்று. மருந்து தவறவில்லை, தையல் கோணவில்லை. மாடு கன்றைப் பற்றிக் கேட்பது நின்றது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார் என்று ஆன்ட்டி ஒருமுறை சொன்னார்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை நடக்கும். அவரவர் வீட்டில் விளைந்தது, சமைத்தது எல்லாவற்றையும் காணிக்கையாகக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். சிங்கப்பூரில் என்ன விளையும் என்று சிரிக்காதீர்கள். தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலை உண்டு, பாண்டான் இலைக் கட்டு உண்டு, கடையில் வாங்கிய பூசணிக்காயும் உண்டு. ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். ஆன்ட்டி வருஷா வருஷம் சிலோன் முறையில் முந்திரிப் பருப்பும் ரவையும் போட்டு லவ் கேக் செய்து கொண்டுவருவார். அதற்குப் பெரிய போட்டி நடக்கும்.

அந்த வருஷம் கேக் மேசைக்கு வந்ததும் ஆன்ட்டியே முதலில் கை தூக்கி ஒரு விலை சொன்னார். வேறு யாரும் வாய் திறப்பதற்குள் அதைவிடக் கூடுதலாக அவரே இன்னொரு விலை சொன்னார். பிறகு அதற்கும் மேலே. ஏலம் விட்டவர் குறும்புக்காரர். ஆன்ட்டி, உங்க கேக்குக்கு நீங்களே போட்டியா என்று கேட்டார். மண்டபமே சிரித்தது. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு ஆன்ட்டியும் சிரித்தார். கேக்கை அவருக்கே கொடுத்தார்கள். நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு அவரோடு வாசல்வரை நடந்தேன்.

“நல்ல வாசம்,” என்றார். “ஆர் செய்தது?”

கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். யாரோ கைராசிக்காரர் செய்தது என்று சொல்லி நானும் சிரித்தேன்.

வீட்டுக்குப் போன பிறகு எனக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. மறுநாள் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கிளினிக்குக்குப் போனேன். அன்று காலை ஒரு வயதான அம்மாவை அவருடைய மகன் கூட்டிவந்திருந்தார். டாக்டர் அந்த அம்மாவிடம் காகிதத்தில் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். எண்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, இது மறதி நோயின் தொடக்கம், தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று மகனிடம் மெதுவாகச் சொன்னார். வெளி ஆளையே இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்பவருக்கு வீட்டில் இருப்பதா தெரியாமல் போகும் என்று நினைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளைகளே, அவருக்குத் தெரியவில்லை. மறதி நோய் வந்தவர்கள் பழகிய வீட்டுக்குள் சமாளித்துவிடுவார்கள். அடுப்பு அதே இடம், தட்டு அதே இடம், களைத்து வந்து தூங்கிவிடும் கணவன் அதே நாற்காலி. புதிதாக ஒன்று நடக்கும் இடத்தில்தான், நாலு பேர் பேசும் இடத்தில்தான் அது வெளியே தெரியும். ஆன்ட்டிக்கு அப்படி ஓர் இடம் ஞாயிற்றுக்கிழமைச் சபை. அங்கே அவர் பக்கத்தில் டாக்டர் இல்லை.

இன்னொரு ஞாயிறு, நான் கவுண்டரில் இருந்த நாள். காய்ச்சல் பரவியிருந்த சமயம் என்பதால் நாற்காலிகள் நிரம்பி, படிக்கட்டுவரை தம்பிகள் நின்றார்கள். மத்தியானம் போதகரின் மனைவி போன் செய்தார். எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்களாம், ஆன்ட்டி மட்டும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாராம். டாக்ஸியைக் கூப்பிட்டு ஏற்றிவிடலாம் என்று போனால், எங்கே போக வேண்டும் என்று இவரையே திருப்பிக் கேட்கிறாராம்.

நான் உள்ளே போனேன். டாக்டர் ஒருவருடைய கையில் புண்ணைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நிமிரவில்லை. இவனை முடித்துவிட்டு வருகிறேன், வெளியே இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை வருஷத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியதே இல்லை.

“கட்டு நான் போடுறேன் டாக்டர். நீங்க முதல்ல எழும்புங்க.”

அவர் எழுந்துவிட்டார். அதற்குள் வெளியே இருந்தவர்களுக்கும் பேச்சு காதில் விழுந்திருந்தது. நான் கட்டுப் போட்டு முடித்துவிட்டு வெளியே வந்தேன், இத்தனை பேரிடம் எப்படிச் சொல்வது, எப்படித் திருப்பி அனுப்புவது என்று தெரியாமல் நின்றேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், எங்களிடம் பல வருஷமாக வருபவர், அவரே பேசினார்.

“சார அனுப்பிவைங்க அக்கா. எங்களுக்குச் சளிதான, அடுத்த வாரம்கூடப் பாத்துக்கலாம். சாருக்கு லீவே கெடையாதான்னு நாங்களே ரூம்ல பேசிக்குவோம்.”

சொல்லிவிட்டு அவரே மற்றவர்களை எழுப்பினார். உண்மையிலேயே உடம்பு முடியாமல் இருந்த ஒருவரை மட்டும் நாலு கடை தள்ளி இருந்த இன்னொரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கிளினிக்கும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இவர்களுக்காகத்தான், இவர்களுக்காகத்தான் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தோம். அவர்களை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்களே டாக்டரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

ஷட்டரை இறக்கிவிட்டு ஓடினேன். டாக்டர் பஃபலோ ரோட்டுக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யாராலும் ஓட முடியாது. வழியெல்லாம் அவரிடம் மருந்து வாங்கியவர்கள் ‘சார், சார்’ என்று கும்பிட்டார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை.

ஆன்ட்டி பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். சேலை மடிப்புக் கலையவில்லை. டாக்டர் அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். மறதி என்று வருகிற எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைத்தான் முதலில் கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை?

ஆன்ட்டி அவர் முகத்தை நன்றாகப் பார்த்தார். யோசித்துத்தான் சொன்னார்.

“நீங்கள் இங்க நிக்கிறியள். அப்ப ஞாயிறு இல்லை.”

டாக்டர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. எழுந்து, எத்தனை நாளாக இப்படி என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். ஒவ்வொன்றாக வந்தது. பாட்டு எண் சொன்ன பிறகும் பக்கத்தைக் கண்டுபிடிக்கத் தடுமாறுவார் என்றார் போதகரின் மனைவி. ஞாயிறு பள்ளியில் ஒரே கதையை அடுத்தடுத்த வாரம் சொல்கிறார் என்று பிள்ளைகள் சொன்னதாகச் சபைப் பணியாளர் சொன்னார். நான் கேக் ஏலத்தைச் சொன்னேன். எல்லாரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம், டாக்டர்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கிளினிக் பக்கம் வரவில்லை. செங்காங் டாக்டர் பெண்ணும் அவருடைய சிநேகிதரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் சிலர் பெரிய டாக்டர் எங்கே என்று கேட்டார்கள். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிட்டது. தம்பிகள் அந்தப் பெண்ணிடம் நன்றாகவே வாய் திறந்தார்கள். மாடு கன்று போட்ட கதையும் சொன்னார்கள். கவுண்டரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. இவ்வளவுதானா, இதற்காகவா என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒருநாள் நான் டாக்டருக்கு ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். முன்பே தெரிந்திருந்தாலும் இந்த நோயைத் தடுத்திருக்க முடியாதே என்றேன். அது அவருக்குத் தெரியாதா என்ன.

“தடுத்திருக்கேலாதுதான், பிள்ளை,” என்றார். “ஆனா அவ என்னோட கதைக்கக்கூடிய ஞாயிறுகள் கொஞ்சம் இருந்தது. அதுக்குத்தான் நான் போகேல்லை.”

இதற்குமேல் நான் என்ன சொல்வது? வேலையை விட்டுவிடுங்கள் என்று உங்களிடம் சொல்லவில்லை. நோய்க்கு ஞாயிறு தெரியாது, யாராவது கவுண்டரில் இருந்துதான் ஆக வேண்டும். உங்கள் முறை வரும்போது இருங்கள், முழு மனசோடு இருங்கள். முறை முடிந்தால் எழுந்து போங்கள். உங்கள் டாக்டர் எழுந்து போகவில்லை என்றால், அவரைப் பாராட்டாதீர்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. உங்கள் சபையிலோ கோயிலிலோ பள்ளிவாசலிலோ ஒருவருடைய இடம் வாராவாரம் காலியாகக் கிடந்தால், அவர் நல்ல காரியத்துக்குத்தான் போயிருக்கிறார் என்று தெரிந்தாலும், போய்ச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாங்கள் ஒரு சபை முழுக்க அப்படி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் இப்போது ஒவ்வொரு ஞாயிறும் ஆன்ட்டியோடு வருகிறார். கிளினிக்கை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார். காலையில் ஆன்ட்டிக்குச் சேலை கட்டிவிடுவதும் அவர்தான். மடிப்பு ஒரு பக்கம் ஏறி இறங்கித்தான் இருக்கும், நான் பார்த்தால் சரிபண்ணிவிடுவேன். போன வாரம் அவர்களுக்குப் பின்வரிசையில் எனக்கு இடம் கிடைத்தது. ஆராதனை ஆரம்பிக்கவில்லை. டாக்டர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்து ஆன்ட்டியின் மடியில் வைத்தார். ஆன்ட்டி அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் காலத்தில் அவரை ‘இஞ்சேருங்கோ’ என்று கூப்பிடுவாரே தவிர, டொக்டர் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“என்ன டொக்டர்,” என்றார், மரியாதையாக, பாவப்பட்டுக்கொண்டு. “ஞாயிற்றுக்கிழமையும் வேலையோ? வீட்டில உங்களைத் தேடமாட்டினமே?”

டாக்டர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஓம்,” என்றார். “தேடினவ.”